கமார்ரா: புள்ளிவிவரத்துக்கு அப்பால்

பராகுவேயின் தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் கமார்ரா என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: 1998 உலகக் கோப்பையில் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் அவர் ஒரு ஃபவுல்கூடச் செய்யவில்லை. இந்தச் செய்தி அவருக்குப் பெரும் புகழைக் கொடுத்தது. கூடவே, அவரை எடைபோடும் வேலையையும் கெடுத்துவிட்டது. ஃபவுல் செய்யாததே பெருமை என்றால், பந்தின் பக்கமே போகாதவருக்குத்தான் முதல் பரிசு தர வேண்டியிருக்கும்!

அந்த நான்கு ஆட்டங்களையே எடுத்துக்கொள்வோம். பல்கேரியாவுடன் 0-0, ஸ்பெயினுடன் 0-0, நைஜீரியாவை வென்றது 3-1. பிறகு பிரான்ஸிடம் 0-1 தோல்வி. மொத்தம் வாங்கிய கோல் இரண்டே. ஆனால் கொஞ்சம் கழித்துக்கொள்ளவும் வேண்டும். நைஜீரியா ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டதால் முக்கிய வீரர்கள் சிலருக்கு ஓய்வு கொடுத்திருந்தது. பயிற்சியாளர் கார்பெஜியானியின் அணி பின்வாங்கி, நெருக்கமாக நின்று ஆடிய அணி. கமார்ராவுக்குப் பக்கத்தில் செல்சோ அயாலா, பின்னால் கோல்கீப்பர் சிலாவர்ட். இத்தனை பேர் அடைத்து நிற்கும் இடத்தில், திறந்த மைதானத்தில் எதிராளியைத் துரத்திப் பிடித்து இழுக்க வேண்டிய கட்டாயம் குறைவு. ஆக, ஃபவுல் இல்லாத அந்தக் கணக்கில் ஒரு பங்கு அணியுடையது.

மீதிப் பங்கு அவருடையதுதான். பந்தோடு முன்கள வீரர் வரும்போது கமார்ரா பாய்வதில்லை. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, அரை அடி பின்வாங்கி, உள்பக்க வழியை அடைத்துவிட்டு வெளிப்பக்கத்தை மட்டும் திறந்து வைப்பார். முன்கள வீரரின் காலைவிட்டுப் பந்து ஒரு சாண் கூடுதலாக விலகும் அந்தக் கணம் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் கால் உள்ளே போகும், பந்து இவரிடம் இருக்கும். தரையில் சறுக்கி விழும் டேக்கிளைக் கண்டு ரசிகர்கள் ஆர்ப்பரிப்பார்கள். ஆனால் பல நேரங்களில் அது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதவர் கடைசியில் செய்யும் பரிகாரம். கமார்ராவுக்கு அது அதிகம் தேவைப்படவில்லை. ராவுல் ஆடிய ஸ்பெயின் அணியைக் கோல் அடிக்க விடாமல் நிறுத்திய ஆட்டமே இதற்கு நல்ல சான்று. ஸ்பெயின் கடைசி ஆட்டத்தில் பல்கேரியாவை 6-1 என்று நொறுக்கியும் முதல் சுற்றோடு வீடு திரும்பியது.

ஜூன் 28, லான்ஸ் நகரம். பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கமார்ராவின் தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப்போட்ட கையோடு தொடர்ந்து ஆடினார். தாவவும் எதிராளியைத் தள்ளி வைக்கவும் கை வேண்டும். அது இல்லாமலேயே நின்றார். 114-ஆவது நிமிடத்தில் ட்ரெசகே தலையால் இறக்கிய பந்தை லோரான் பிளாங்க் அடித்தார். கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தை முடித்துவிடும் கோல்டன் கோல், உலகக் கோப்பை வரலாற்றில் அதுவே முதல். இன்னும் ஆறு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் பெனால்டி. சிலாவர்ட் நிற்கும் வலைக்கு எதிரே பெனால்டி அடிப்பதை எந்த அணியும் விரும்பியிருக்காது.

கிளப் வாழ்க்கையில்தான் கணக்கு இடிக்கிறது. பிரேசிலில் குறையில்லை, 1998-இல் கொரிந்தியன்ஸ் பிரேசில் சாம்பியன் ஆனபோது அவர் அந்த அணியில் இருந்தார். ஐரோப்பாவில் எந்த ஊரிலும் வேர்விடவில்லை. பென்ஃபிகாவில் தங்கியது கொஞ்ச காலமே. அத்லெடிகோ மாட்ரிட் 2000-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்தக் கிளப்பின் நிர்வாகமே அப்போது நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருந்ததால், பழியைத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. இன்டர் மிலானுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. 2002 முதல் மூன்று பருவங்கள் இருந்தும், தவிர்க்க முடியாதவர் என்ற நிலையை அவர் அங்கே எட்டவில்லை. முன்னேறி நின்று பின்னால் வெட்டவெளியை விடும் அணிகளில், காத்திருந்து பந்தைப் பறிக்கும் அவருடைய கலைக்கு இடம் குறைவு என்பது என் கணிப்பு.

2006 உலகக் கோப்பையில் பெக்காமின் ஃப்ரீ கிக் அவர் தலையில் உரசி மூன்றாவது நிமிடத்திலேயே சேம் சைடு கோல் ஆனதை எதிர்வாதமாகச் சொல்வார்கள். அதை நான் பொருட்படுத்தமாட்டேன். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தால் இன்னொரு கோல் போட முடியவில்லை. கமார்ராவுக்கு அப்போது வயது 35. அதைவிட, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இளைஞர்களுக்கு நடுவே மூத்தவராக நின்று வெள்ளி வாங்கித் தந்ததற்கே கனம் அதிகம். பராகுவேக்கு இன்றுவரை கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் அது.

அப்படியென்றால் அவரை எங்கே வைப்பது? சிலியின் எலியாஸ் ஃபிகேரோவா 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தென் அமெரிக்காவின் சிறந்த வீரராகத் தேர்வானவர். போன கிளப்பிலெல்லாம் ஆட்டத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர். அர்ஜென்டினாவின் பஸரெல்லா 1978-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன். தடுத்ததோடு நிற்காமல் கோல்களையும் குவித்தவர். இந்த இருவரோடு கமார்ராவைச் சமமாக உட்காரவைக்க முடியாது. 110 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய அவர், பராகுவே கண்ட தடுப்பாட்டக்காரர்களில் முதல்வர். தென் அமெரிக்க அளவில் இரண்டாம் வரிசையின் முன்னணியில் நிற்பவர்.