பெட்டியும் உள்ளீடும்

நூலை அதன் உள்ளீட்டைக் கொண்டு மதிப்பதே திறனாய்வின் நெறி. எனினும் சில நூல்கள் அழகிய பெட்டியில் அடங்கியே விற்பனைக்கு வருகின்றன. அப்போது நாம் கொடுக்கும் விலை நூலுக்கா, பெட்டிக்கா என்னும் வினா எழுகின்றது. அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கதை விளையாட்டின் நூற்பெட்டிகள் இவ்வினாவுக்குத் தக்க சான்றுகளாம்.

சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, தாம் செய்வதை வாயால் சொல்வர். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பந்தயப் பணம் இதில் இல்லை. ஆயினும் பகடை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டறிவதே முறை. நூல்கள் விதிகளையும் கதைக்களத்தையும் தருவனவே. கதையைப் படைப்போர் ஆடுவோரே ஆவர்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இவ்விளையாட்டை வெளியிட்டபோது, ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள் இருந்தன. விலை 10 டாலர். 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் திருத்திய சிவப்புப் பெட்டியில் இரண்டு நூல்களும், ஆறு பகடைகளும், அவற்றின் எண்களுக்கு வண்ணம் தீட்ட ஒரு மெழுகுக்கோலும் இருந்தன. சிதறக்கூடிய பொருள்களை ஒன்றாக வைத்துக்கொள்ளப் பெட்டி அங்கே தேவைப்பட்டது. 2014-இல் வந்த தொடக்கநிலைப் பெட்டியும் அவ்வழிப்பட்டதே. 32 பக்க விதிநூல், 64 பக்கக் கதைநூல், ஆயத்தமான ஐந்து பாத்திரங்கள், ஆறு பகடைகள் ஆகிய யாவும் 19.99 டாலருக்குக் கிடைத்தன. வேறெதுவும் வாங்காமல் ஒரு குடும்பம் பல மாலைகளைக் கழிக்கலாம். இவ்விலையைக் குறை கூறுதல் தகாது.

2018-இல் வந்த அன்பளிப்புப் பெட்டியின் நிலை வேறு. மூன்று மூல நூல்களும், கதை நடத்துவோர் தம் குறிப்புகளை மறைத்துக்கொள்ளும் அட்டைத் தடுப்பும் அதிலுண்டு. பதிப்பாளர் குறித்த விலைப்படி நூலொன்று 49.95 டாலர், தடுப்பு 14.95 டாலர், தனித்தனியே வாங்கினால் ஆகும் தொகை 164.80. பெட்டியின் விலையோ 169.95! மொத்தமாக வாங்குவோருக்கு விலை குறைவது கடைத்தெரு வழக்கம். இங்கே மொத்தமாக வாங்குவோரே 5.15 டாலர் கூடுதலாகத் தருகின்றனர். அது மின்னும் மேலட்டைக்கான விலையேயன்றி அறிவுக்கான விலையன்று.

2022 ஜனவரியில் வந்த மற்றொரு பெட்டி இதனினும் வருந்தத்தக்கது. அதிலிருந்த மூன்று நூல்களில் இரண்டு முன்னரே விற்பனையில் இருந்தவை, ஒன்றே புதியது. அப்புதிய நூல் மே மாதம் வரை தனியே விற்கப்படவில்லை. முன்னிரண்டையும் வைத்திருந்தோர் காத்திருக்க வேண்டும். அன்றேல் அவற்றை மீண்டும் வாங்க வேண்டும். அதே ஆண்டு வந்த ‘ஸ்பெல்ஜாமர்’ பெட்டியில் 64 பக்க நூல்கள் மூன்று, விலை 69.99 டாலர். 320 பக்க மூல நூலில் பக்கத்துக்கு ஏறத்தாழ 16 சென்ட் ஆக, இதிலோ 36 சென்ட் ஆகிறது. வரைபடமும் தடுப்பும் உடனிருந்தும் இவ்வேறுபாடு மிகையே.

விலையினும் பெரிதாக நம்மவர் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. 1992-இல் ஜெஃப் கிரப் எழுதிய ‘லேண்ட் ஆஃப் ஃபேட்’ என்னும் பெட்டி ‘அல்-கதீம்’ வரிசையில் வந்தது. ஆயிரத்தோர் இரவுகளின் சாயலில் அமைந்த ஸக்காரா என்னும் கற்பனை நிலமே அதன் களம். விருந்தோம்பலையும் மானத்தையும் மதிப்போடு எழுதியிருக்கிறார். பகைமையான எழுத்து என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்நிலத்தில் தெய்வங்கள் பல. யாவற்றையும் ஆள்வது விதி. அகீதா ஓதிய நம் பிள்ளைக்குக் ‘கதீம்’ என்றவுடன் ஆதியற்ற இறைவனின் பண்பு நினைவுக்கு வரும். இங்கோ அச்சொல் பழங்காலம் என்னும் அளவில் நின்றுவிடுகிறது. களா கத்ரை நம்பும் உள்ளத்துக்கு, ஆள்பவன் இல்லாத விதி வெறும் ஓசையே. ஜின்னும் பாலைவனமும் சுல்தானும் உண்டு, தவ்ஹீது இல்லை. நம் பெயர்களைக் கண்டு மகிழ்ந்து வாங்கும் பெற்றோர், பிள்ளையோடு அமர்ந்து இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வாறு உரைப்பின் அந்நூலும் ஒரு பாடமாகலாம்.

அடிப்படை விதிகள் 2014 முதல் விலையின்றிக் கிடைக்கின்றன. 2023-இல் விதித்தொகுப்பொன்று எவரும் எடுத்தாளும் உரிமத்தோடு வெளியாயிற்று. மூல நூல்கள் மூன்றும் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் திருத்திய பதிப்புகளாக வந்துவிட்டமையால், 2018-இன் பெட்டி இன்று பழைய பதிப்பாகிவிட்டது.

ஆகவே நம் முடிவு இது: தொடங்குவோருக்கான சிறு பெட்டி விலைக்குத் தகும், அலமாரியை அழகு செய்யும் பெரும்பெட்டி, அளவான வருவாயுள்ள குடும்பத்துக்கு வீண்விரயமே. பிள்ளை கேட்டால், விலையில்லா விதிகளைக் கொண்டு முதலில் ஒரு மாலை அவனோடு அமர்ந்து கதை சொல்லிப் பாருங்கள். மறுநாளும் அவன் கதையைக் கேட்டு வந்தால், அப்போது பெட்டியைப் பற்றிப் பேசலாம்.