குணமாக்கும் இயந்திரம்: எமரி பிளாக்டனின் படைப்பு

ஐக்கிய அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில் 1907ஆம் ஆண்டு பிறந்த எமரி பிளாக்டன் என்பார் கலைக்கூடம் எதிலும் பயின்றவரல்லர். இளமையிற் புகைவண்டியேறி ஊரூராகத் திரிந்து மீண்ட அவர், தாய் தந்தையர் இருவரையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1950களின் நடுப்பகுதியில் உறவினரொருவரின் 160 ஏக்கர் நிலம் அவர் கைக்கு வந்தது. கமத்தில் அவர் மனம் பற்றவில்லை. அங்கிருந்த கொட்டிலிலேயே ஏறக்குறைய முப்பது ஆண்டுகளைக் கழித்தார்.

அக்கொட்டிலில் அவர் ஆக்கியது யாது? வைக்கோல் கட்டும் கம்பியும் செப்புக் கம்பியும் வளைந்து பின்னிக் கூரையினின்றும் தொங்கின. அவற்றினிடையே அலுமினியத் தாள், மணிகள், நாடா முதலியன செறிந்தன. நத்தார் காலத்து வண்ண மின்குமிழ்கள் ஒளிர்ந்தன. கேத்திரகணித உருவங்கள் தீட்டிய பலகைகளும் உடனிருந்தன. பூமியின் மின்காந்த ஆற்றலை இவை திரட்டி நோய் நீக்கும் என்பது அவர் நம்பிக்கை. முழுவதையும் அவர் ‘குணமாக்கும் இயந்திரம்’ என்றே வழங்கினார்.

விஞ்ஞானம் இதனை ஏற்காது, ஏற்கவேண்டியதுமில்லை. 1986ஆம் ஆண்டு பிளாக்டனும் புற்றுநோயினாலேயே இறந்தார். எனினும், மருந்தாகத் தோற்றமையால் அதனை வெறும் அலங்காரமென்று கொள்வாரும் பிழைபடுவர். கம்பி ஏன் அத்துணை முறை சுற்றப்பட்டது? ஆற்றல் ஓடவேண்டும் என்பதற்காக. உலோகங்கள் ஏன் அடுத்தடுத்து வைக்கப்பட்டன? ஒன்றையொன்று தூண்டவேண்டும் என்பதற்காக. நோக்கத்தை நீக்கினால் வடிவத்துக்குக் காரணம் கூற இயலாது. தமிழில் யந்திரம் என்னும் சொல் பொறியையும், காப்புக்காகச் செப்புத்தகட்டில் வரையும் சக்கரத்தையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவரோ தனித்தனி உறுப்புகளை ‘அழகுப் பொருள்கள்’ என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தார். பயன் வேறு, வனப்பு வேறு என்னும் பிரிவினை, நூல் கற்ற திறனாய்வாளர்க்கன்றி அவர்க்கு இருந்ததில்லை.

1975இல் நோர்த் பிளாட் நகரத்து மருந்துக்கடையொன்றிற்குச் சென்று அவர் கனிமப் பொருள்கள் கேட்டார். அங்கே பணியாற்றிய டான் டிரைடன் பின்னர்க் கொட்டிலைக் கண்டு வியந்தார். பிளாக்டன் இறந்தபின் நிகழ்ந்த ஏலத்தில், டிரைடனும் அவர் நண்பர் டொன் கிறிஸ்டென்சனும் அதனை வாங்கியிராவிடின் யாவும் பழைய இரும்பாய்ப் போயிருக்கும். 2004இல் கோலர் அறநிலையம் அதனைப் பெற்றது. இன்று அது விஸ்கொன்சின் மாநிலத்துச் சீபோய்கன் நகரில் உள்ளது.

இத்தகையோரை ‘புறநிலைக் கலைஞர்’ எனல் 1972இல் ரொஜர் கார்டினலின் நூலோடு பரவிய வழக்கு. வசதியான பெயரே, ஆயினும் எதற்குப் புறம் என்ற வினாவுக்கு அது விடை தருவதில்லை. பிளாக்டனின் கம்பித் துண்டொன்றை வெண்சுவரில் தனியே மாட்டினால் அது நயமான கைவேலையாகவே தோன்றும். நூற்றுக்கணக்கில் ஒருங்கே தொங்கும்போதே, தன் வீட்டில் நிகழ்ந்த சாவுகளோடு ஒருவர் நாள்தோறும் நடத்திய வழக்கு கண்ணுக்குத் தெரிகின்றது.