நிற்பதும் நிற்கப்போவதும்

இங்கிலீஷில் ‘ஸ்டாப்’ என்றும் ‘ஸ்டாண்ட்’ என்றும் இரண்டு வார்த்தைகள் இருக்க, நாம் மட்டும் ‘நில்’ என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிறோமே என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். தமிழ் அவ்வளவு ஏழை என்று எனக்குத் தோன்றவில்லை.

எழும்பூரிலிருந்து தெற்கே 122 கிலோமீட்டரில் திண்டிவனம். இன்னும் 37 கிலோமீட்டர் போனால் விழுப்புரம் ஜங்ஷன். மீட்டர் கேஜ் நாட்களில், 1960-களில் விழுப்புரம் வரை மின்சாரப் பாதை வந்த பிறகு, அதற்கும் தெற்கே போகிற வண்டிகளுக்கு அங்கே எஞ்சின் மாற்றவேண்டியிருந்தது. ஆகவே திண்டிவனத்தில் வண்டி நின்று புறப்பட்டது; விழுப்புரத்தில் நின்றுகொண்டிருந்தது. முன்னது ‘ஸ்டாப்’; ஓட்டம் முடிகிற செயல். பின்னது ‘ஸ்டாண்ட்’, அசையாமல் இருக்கிற நிலை. பஸ் ஸ்டாப்பு வேறு, பஸ் ஸ்டாண்டு வேறு என்பது அந்த ஊர்களில் இலக்கணம் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

சில இடங்களில் நம்முடைய பாகுபாடு இன்னும் தெளிவானது. வண்டி தானாக நின்றாலும், ஒருவர் அதை நிறுத்தினாலும், இங்கிலீஷில் ‘ஸ்டாப்’தான். நமக்கோ நிற்பது வேறு, நிறுத்துவது வேறு. காப்பி குடிக்க நின்றார், காப்பி குடிப்பதை நிறுத்தினார் என்ற இரண்டுக்கும் இங்கிலீஷ்காரர் அதே வினையை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் சொல்லின் உருவத்தை மட்டும் மாற்றுகிறார். நாம் வினையையே மாற்றிவிடுகிறோம்.

தகராறு வருவது நிகழ்காலத் தொடர்வினையில். வண்டி ‘ஸ்டாண்டிங்’ என்றால் நின்றுகொண்டிருக்கிறது. ‘ஸ்டாப்பிங்’ என்றாலோ இன்னும் நிற்கவில்லை. வேகம் தணிந்து நிற்கப்போகிறது. பள்ளிக்கூடத்தில் ‘இங்’ என்றாலே ‘கொண்டிருக்கிறது’ என்று உருப்போட்ட பழக்கத்தில், இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள்.

இதனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். இங்கிலீஷ் நாவல் ஒன்றில், துரத்துகிறவர்களிடமிருந்து தப்ப ஒருவன், வண்டி திண்டிவனத்தில் ‘ஸ்டாப்பிங்’ ஆகும்போது குதிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து குதித்தான்’ என்று தமிழில் வந்தால், அவன் டிக்கெட் வாங்கி வந்த சாதாரணப் பிரயாணி ஆகிவிடுகிறான். அவனுடைய பயமும் துணிவும் போய்விட்டன. நாவலாசிரியன் ஓர் அத்தியாயம் முழுதும் சேர்த்துவைத்ததை ஒரு துணைவினை செலவழித்துவிட்டது. வாசகரோ, மூல ஆசிரியருக்குத்தான் கதை சொல்லத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவார். செய்யாத குற்றத்துக்கு அந்த மனிதருக்குத் தண்டனை!

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. குன்றின்மேல் வீடு ‘ஸ்டாண்ட்’ செய்கிறது என்பது இங்கிலீஷில் இயல்பு. தமிழில் வீடு இருக்கும், மரம்தான் நிற்கும். ‘வீடு நின்றது’ என்று எழுதினால், கொத்தனார் வேலையைப் பாதியில் விட்டுவிட்டாரோ என்று படிப்பவர் நினைப்பார்.

‘நின்றது’, ‘நின்றுவிட்டது’, ‘நின்றுகொண்டிருந்தது’, ‘நிற்கப்போனது’ என்று ஒரே வினையில் நமக்கு எத்தனையோ சாயல்கள் இருக்கின்றன. அகராதியில் இவை தனித்தனி வரிகளில் கிடைக்கமாட்டா. மொழிபெயர்க்கிறவர், வண்டி அந்தக் கணத்தில் ஓடுகிறதா, ஓய்ந்துவிட்டதா என்று முதலில் மனக்கண்ணால் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தால் போதும்.