ஃபிராங்கல் முகாமுக்குள் கொண்டுபோனது

விக்டர் ஃபிராங்கலின் 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்' பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் நாஜி வதைமுகாமில் அடைக்கப்பட்டார், அங்கே பட்ட துன்பத்திலிருந்து வாழ்க்கையின் அர்த்தத்தைக் கண்டுபிடித்தார், 1946இல் அதைப் புத்தகமாக்கினார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வரிசை தப்பு.

அர்த்தத்தை மையமாக வைத்த சிகிச்சை முறையை அவர் போருக்கு முன்பே உருவாக்கத் தொடங்கிவிட்டார். அதைப் பற்றிய நூலின் கைப்பிரதியை கோட்டுக்குள் வைத்துத்தான் ஆஷ்விட்ஸில் இறங்கினார். அங்கே அது பறிபோனது. ஆக, பதில் அவரோடவே உள்ளே போயிருக்கு. இதை மோசடின்னு சொல்ல மாட்டேன். அனுபவம் தானாகப் பேசாது; ஏற்கெனவே கையில் இருக்கும் சொற்களை வைத்துத்தான் நடந்ததை நாம் கோக்கிறோம்.

நூலில் எனக்குப் பிடித்த பகுதியில் கோட்பாடே கிடையாது. விடியுமுன் பனியில் வேலைக்கு நடத்திச் செல்லப்படும்போது மனைவியின் முகத்தை நினைத்து அவளோடு மனசுக்குள் பேசுகிறார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்த நேரத்தில் அது ஒரு பொருட்டாகவும் படவில்லை என்கிறார். பெர்கன்-பெல்சனில் அவள் இறந்த செய்தி விடுதலைக்குப் பிறகுதான் அவருக்குக் கிடைத்தது.

இதையே விதியாக்கும்போதுதான் சறுக்குகிறார். 1945 மார்ச் 30 அன்று விடுதலை கிடைக்கும் என்று ஒரு கைதி கனவு காண்கிறார். அந்த நாள் வந்தும் எதுவும் நடக்கவில்லை. மறுநாள் டைஃபஸில் இறந்துபோகிறார். நம்பிக்கை உடைந்ததால் உடலின் எதிர்ப்பும் உடைந்தது என்பது ஃபிராங்கலின் விளக்கம். இருக்கலாம். ஆனா பட்டினி கிடந்த அந்த முகாம்களில் நம்பிக்கையோடு இருந்தவர்களையும் டைஃபஸ் விட்டுவைக்கலையே! செத்தவனிடம் போதிய அர்த்தம் இல்லை என்று சொல்வதற்கு இது ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்று நூலின் தொடக்கத்திலேயே எழுதியவர் அவர்.

பிரிமோ லெவியும் ஆஷ்விட்ஸில் இருந்தவர்தான், 11 மாதம். நீ எழுத வேண்டும் என்பதற்காகவே கடவுள் உன்னைக் காப்பாற்றினார் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, அது கொடூரமான எண்ணமாகப் பட்டதாக 1986இல் வெளிவந்த நூலில் எழுதுகிறார். வேதியியல் படித்திருந்ததால் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்களைப் பனியில் நடத்திக் கூட்டிப்போன சமயத்தில், ஸ்கார்லட் காய்ச்சலோடு அவர் நோயாளிகள் கொட்டகையில் கிடந்தார்.