கடைசி ரீல் கேட்கும் விலை

என் அத்தைக்கு ஒரு பழக்கம். எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் முதலில் முடிவைக் கேட்பார். "யாரு கொலைகாரன்? சேர்ந்துடறாங்களா, செத்துடறாங்களா? சொல்லிடு, நிம்மதியா பார்க்கறேன்." சொல்லிவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். அவரோ 'புதிய பறவை'யை எத்தனை முறை பார்த்தார் என்பதற்கு அவரிடமே கணக்கில்லை.

அத்தை கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. ட்விஸ்ட் என்பது கடைசி நிமிடத்தில் நடக்கும் ஒன்று என்று நினைக்கிறோம். உண்மையில் அது முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. இயக்குநர் ஒன்றை ஒளித்து வைக்கிறார். அந்த ஒளிப்பு காப்பாற்றப்பட வேண்டுமானால் சில முகங்களை அருகில் காட்டக் கூடாது, சில பேச்சுகளைப் பேசவிடக் கூடாது, சில துக்கங்களைத் தொடவே கூடாது. நல்ல படத்தைத் திருப்பம் கெடுத்துவிட்டது என்று சொல்லும்போது நாம் கடைசி ரீலைத் திட்டுகிறோம். கவனிக்க வேண்டியது அதற்காக இரண்டு மணி நேரம் பட்டினி போடப்பட்ட காட்சிகளை. (முடிவு தெரியக் கூடாது என்ற விரதம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி வரும் படங்களின் குட்டெல்லாம் உடையப்போகிறது.)

அத்தையின் படத்திலிருந்தே தொடங்குவோம். தாதா மிராசி இயக்கி 1964இல் வந்த 'புதிய பறவை'க்கு மூலம் 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படம். அதற்கும் மூலம் 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்ற 1958ஆம் வருடத்து பிரிட்டிஷ் படம். மனைவியை இழந்த கோபால், லதாவைக் காதலிக்கிறான். செத்துப்போன மனைவி நான்தான் என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் பொய் என்று நிரூபிக்கும் தவிப்பில், மனைவியின் சாவுக்குத் தானே காரணம் என்பதை அவன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் போலீஸ், லதா உட்பட. இதில் ஒளிக்கப்பட்டது லதாவின் மனம். உளவு பார்க்க வந்த இடத்தில் உண்மையாகவே காதலித்துவிட்டவளின் தத்தளிப்பு முதல் தடவை நமக்குக் கிடைப்பதில்லை. இரண்டாம் தடவை கிடைக்கிறது. கோபால் உருகும்போது லதாவாக வரும் சரோஜாதேவியின் முகத்தில் ஒரு நொடி வந்துபோகும் நிழல், முதலில் வெட்கமாகத் தெரிந்தது, இப்போது குற்ற உணர்வாகத் தெரியும். ஒளித்ததைப் படம் வட்டியோடு திருப்பித் தந்துவிடுகிறது. 1954இல் பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' படமும் அப்படித்தான். கொன்றது மனைவி என்று தெரியும்போது படம் சுருங்கவில்லை. வீட்டுக்குள் நடந்த கொலை, நாட்டைக் காட்டிக்கொடுத்தவனைப் பற்றிய வழக்காக விரிகிறது.

திருப்பித் தராத கடன்களுக்கு ஹாலிவுட்டில் பழைய கணக்கு உண்டு. ஹிட்ச்காக்கின் 'சஸ்பிஷன்' (1941) பார்த்தவர்கள் அந்தப் பால் டம்ளரை மறக்க மாட்டார்கள். கணவன் தன்னைக் கொல்லப் பார்க்கிறானோ என்று நடுங்கும் மனைவிக்காக, கேரி கிராண்ட் ஒரு தட்டில் பாலை ஏந்திக்கொண்டு இருட்டான மாடிப்படி ஏறி வருகிறார். பால் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒளிர்கிறது. டம்ளருக்குள் சின்ன விளக்கு ஒன்றை வைத்துப் படமாக்கினார்கள். படத்துக்கு மூலமான ஃபிரான்சிஸ் ஐல்ஸின் 1932 நாவலில் அவன் கொலைகாரனேதான். தெரிந்தே அவள் குடிக்கிறாள். படத்தில்? கடைசிச் சில நிமிடங்களில், அவன் அப்பாவி, எல்லாம் அவளுடைய வீண் சந்தேகம் என்று ஆகிவிடுகிறது. கேரி கிராண்ட் போன்ற நட்சத்திரம் மனைவியைக் கொல்வதை ஸ்டுடியோ விரும்பவில்லை. தான் மனதில் வைத்திருந்த முடிவைப் பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் சொன்னார்: தன்னைக் கணவன் கொல்லப்போகிறான் என்று தாய்க்குக் கடிதம் எழுதி, அதை அவனிடமே தபாலில் போடக் கொடுத்துவிட்டு, அவள் பாலைக் குடித்துவிடுகிறாள். அவன் சீட்டியடித்தபடி கடிதத்தைப் பெட்டியில் போடுகிறான்.

ஜோன் ஃபோன்டெய்னுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. ஹிட்ச்காக் படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். ஆனால் அவர் நடித்தது என்ன? காதலும் சாவுபயமும் ஒரே மூச்சில் வரும் ஒரு பெண்ணை. கடைசி ரீல் அவளைப் பார்த்து, ஒன்றுமில்லாததற்கு ஏன் இத்தனை கலவரம் என்று கேட்கிறது. பெண்ணின் பயத்தைச் சித்தம் கலங்கியவளின் கற்பனையாக மாற்றும் இந்தத் திருப்பத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் வேறு எந்தத் திருப்பத்தின் மேலும் இல்லை. நம்ம ஊர்ப் படங்களிலும் நட்சத்திரக் கதாநாயகன் கெட்டவனாக இருக்க முடியாது என்பதற்காகவே கடைசியில் இரட்டை வேடமோ, தம்பியோ, 'ரகசிய போலீஸோ' முளைத்ததை நாம் பார்த்ததில்லையா?

இதற்கும் முந்தையது 'தி கேபினெட் ஆஃப் டாக்டர் கலிகாரி' (1920). வளைந்த சுவர்கள், சாய்ந்த ஜன்னல்கள், சுவரிலேயே தீட்டப்பட்ட நிழல்கள் என்று ஒரு பித்துப்பிடித்த ஊர். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர், தூக்கத்தில் நடப்பவனை ஏவிக் கொலை செய்விக்கிறார். கடைசியில், கதை சொன்னவனே மனநோய் விடுதியில் இருப்பவன், கொடியவராக நாம் பார்த்தவர் அங்கே மருத்துவர் என்று முடிகிறது. அதிகாரத்தைச் சாடிய கதையை இந்தச் சட்டகம் அதிகாரத்துக்கு வக்காலத்தாக்கிவிட்டது என்று திரைப்பட விமர்சகர் சீக்ஃப்ரீட் க்ராகவர் 1947இல் எழுதினார். பிற்பாடு கிடைத்த மூலத் திரைக்கதையிலும் வேறு மாதிரியான ஒரு சட்டகம் இருந்தது தெரியவந்து அவர் வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது: பைத்தியக்காரன் கண்ணுக்குத்தான் சுவர்கள் கோணல் என்றால், விடுதிக்குள்ளும் சுவர்கள் ஏன் கோணலாகவே இருக்கின்றன? முடிவை ஓவியர்கள் நம்பவில்லை போலிருக்கிறது.

'எல்லாம் கனவு' என்ற முடிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், பள்ளிக்கூடக் கட்டுரையிலேயே நாம் எல்லோரும் அதை எழுதித் தீர்த்துவிட்டோம். ஃப்ரிட்ஸ் லாங்கின் 'தி வுமன் இன் தி விண்டோ' (1944) மட்டும் விலக்கு. விஷம் குடித்துச் சாய்ந்த பேராசிரியரின் முகத்தைக் கேமரா நெருங்கி, அதே ஷாட்டில் பின்வாங்கும்போது அவர் கிளப் நாற்காலியில் விழித்துக்கொள்கிறார். முகம் திரையை நிறைத்திருந்த அந்தச் சில நொடிகளில் உடையையும் அரங்கையும் மாற்றியிருக்கிறார்கள். அந்த வித்தைக்காகக் கைதட்டலாம். படத்தை அது காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன்.

கூட்டல் கழித்தலிலேயே தோற்கும் திருப்பங்கள் ஒரு தனி ரகம். அலெக்சாந்த்ர் அஜாவின் 'ஹை டென்ஷன்' (2003) என்ற பிரெஞ்சுப் படத்தில், கொலைகாரனின் வண்டியைக் கதாநாயகி காரில் துரத்துகிறாள். கடைசியில் அவளே கொலைகாரி. அப்படியானால் இரண்டு வண்டிகளையும் ஓட்டியது யார்? 'நவ் யூ சீ மீ'யில் (2013) வித்தைக்காரர்களைத் துரத்தும் அதிகாரிதான் அவர்களை ஆட்டுவிப்பவர். அது தெரிந்தபின், அவர் கோபத்தில் பல்லைக் கடித்த காட்சிகளெல்லாம் யாருக்காக என்ற கேள்வி நிற்கிறது. நமக்காகத்தான்.

கணக்கு சரியாக இருந்தும் தோற்ற படம் ஒன்று உண்டு. என்னை அதிகம் உறுத்துவதும் அதுதான்: மனோஜ் நைட் ஷ்யாமளனின் 'தி வில்லேஜ்' (2004). மாஹேயில் பிறந்து பிலடெல்பியா பக்கம் வளர்ந்த ஷ்யாமளனை 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) உலகுக்குக் காட்டியது. அந்தப் படத்தில் திருமண நாள் விருந்துக்குத் தாமதமாக வந்து கணவன் மன்னிப்புக் கேட்கிறான். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பில்லைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். முதல் தடவை அது ஊடல். அவன் செத்தவன் என்று தெரிந்தபின் அது ஒரு விதவை தனியாகச் சாப்பிட்ட இரவுச் சாப்பாடு. எந்தக் காட்சியையும் பட்டினி போடாத திருப்பம் அது. பாவம், அதற்கப்புறம் ஒவ்வொரு படத்திலும் ஜனம் அவரிடம் அதையே கேட்டது.

'தி வில்லேஜ்' ஒரு குழந்தையின் இறுதிச் சடங்கோடு தொடங்குகிறது. கல்லறைக் கல்லில் 1897 என்றிருக்கிறது. காட்டைத் தாண்டினால் கொடிய ஜீவன்கள், சிவப்பு நிறம் ஆகாது, நகரம் பாவம் என்று வாழும் சிற்றூர். காதலனைக் காப்பாற்ற மருந்து தேடிப் பார்வையற்ற ஐவி காட்டைக் கடக்கிறாள். மதிலுக்கு அப்பால் இன்றைய கார் ஒன்று நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நம் காலத்தவர்கள். நகரத்து வன்முறைக்கு உற்றாரைப் பறிகொடுத்து, துக்கம் ஆற்றிக்கொள்ளக் கூடிய இடத்தில் ஒருவரையொருவர் கண்டு, இப்படி ஒரு பொய்யான நூற்றாண்டைக் கட்டிக்கொண்டவர்கள். ஜீவன்களும் அவர்கள் போட்ட வேஷம்தான்.

படம் நம்மிடம் பொய் சொல்லவில்லை. கல்லறைத் தேதி பெரியவர்களின் பொய். ஓட்டை எங்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பூட்டிய கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். வெளியுலகத்தின் புகைப்படங்களும் செய்தித்தாள் துண்டுகளும் அதற்குள் இருக்கின்றன. கொலையுண்ட தங்கையின் படத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, பெற்ற பிள்ளையிடம் பூச்சாண்டிக் கதை சொல்லும் தாயின் இரவு எப்படி இருக்கும்? ஊர்ப் பெரியவர்களாக வரும் வில்லியம் ஹர்ட்டும் சிகோர்னி வீவரும் அதை நடித்துக் காட்டக் காத்திருப்பது தெரிகிறது. பெட்டி படம் முடியும்வரை திறக்கவே கூடாது. திறந்தால் ட்விஸ்ட் போய்விடும். அத்தையிடம் சொல்வதுபோல் முதல் பத்து நிமிடத்திலேயே நம்மிடம் சொல்லியிருந்தால், பயத்தால் பிள்ளைகளைச் சிறைவைத்த பெற்றோரின் கதையை நாம் பார்த்திருப்போம். ஒரு மதிலைக் காட்டி அசத்துவதற்காக ஷ்யாமளன் அந்தக் கதையை விற்றுவிட்டார்.

தமிழில் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே படத்துக்கு இரண்டு கடைசி ரீல்கள். கதை சொல்லப் போகிறவரிடம் 'இன்டர்வல் பிளாக் என்ன?' என்றுதான் முதலில் கேட்பார்கள். பாப்கார்ன் வாங்கப் போகும்போது ஒரு குண்டு, வீட்டுக்குப் போகும்போது ஒரு குண்டு. இந்த நெருக்கடியிலும் கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) தப்பித்தது எனக்கு இன்னும் ஆச்சரியம். கதாநாயகன் மைக்கேல் சொன்ன பேய்வீட்டுக் கதை முழுக்க, வைரத்தை அமுக்க முதலாளியிடம் விட்ட கப்ஸா. பொய்யான ஃப்ளாஷ்பேக்கை 'ஸ்டேஜ் ஃப்ரைட்'டில் (1950) காட்டியது தவறு என்று ஹிட்ச்காக்கே வருந்தியதுண்டு. 'பீட்சா'வில் அது ஏன் பொறுக்க முடிகிறது? பேய்க்கதை எழுதும் காதலியும் பேய்க்குப் பயப்படும் காதலனும் முதலிலேயே அந்தப் பொய்க்கு விதை போட்டுவிடுகிறார்கள். நாம் பட்ட பயத்தைப் படம் கேலி செய்யவும் இல்லை. கடைசிக் காட்சியில் அதை மைக்கேல் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. 'ராட்சசன்' (2018) இன்னொரு ரகம். மூச்சைப் பிடித்துப் பார்க்க வைத்த படம்தான். ஆனால் கொலையாளி நமக்குப் பழகிய முகம் அல்ல, பின்பாதி ஃப்ளாஷ்பேக்கில் வந்து இறங்கும் ஆள். துப்பறியும் கதைக்கு 1929இல் பத்துக் கட்டளை எழுதிய ரொனால்ட் நாக்ஸ் பாதிரியாரின் முதல் கட்டளையே குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது.

நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' (2024) பற்றித்தான் எனக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. சலூன்காரர் ஒருவர், லட்சுமியைக் காணோம் என்று போலீஸில் புகார் கொடுக்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. இந்த வேடிக்கையில் தொடங்கி, பக்கத்தில் ஓடும் செல்வத்தின் கதை நிகழ்காலம் அல்ல, பல வருடம் பழையது என்று தெரியும் இடம் வரை திரைக்கதை அபாரம். செல்வம் பழிவாங்கலுக்காக நாசமாக்கியது தன் மகளைத்தான் என்று கடைசியில் அறிகிறான். தியேட்டரே உறைந்தது. நானும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. சிலம்பு கண்ணகியுடையது என்று நமக்கு முதலிலிருந்தே தெரியும். பாண்டியனுக்குத்தான் தெரியாது. மாணிக்கப் பரல் தெறிக்கும்போது நாம் திடுக்கிடுவதில்லை, அவன் திடுக்கிடுவதைப் பார்க்கிறோம். தெரிந்தே பார்த்ததால் நம் கவனம் முழுக்கக் கண்ணகியின் மேல் இருக்கிறது. 'மகாராஜா'வில் உண்மையை நாம் செல்வத்தோடு சேர்ந்து அறிகிறோம். ஆகவே கடைசி அடி அவன் முகத்தில் விழுகிறது. அந்த மகள் ஜோதிக்கு அவனை நேருக்கு நேர் நின்று கேட்க ஒரு காட்சி கொடுத்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனாலும் அவள் பட்ட கொடுமை, அவனுக்கான தண்டனையின் கருவியாகிவிடுகிறது.

அத்தை இந்தப் படத்துக்கும் முடிவைக் கேட்டார். சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுக்கு எப்போ தெரியும், அவன் யாருன்னு?"

"அவகிட்ட யாரும் சொல்ற மாதிரி காட்டலை அத்தை."

"அப்ப படம் இன்னும் முடியலையே" என்றார்.