‘விலைக்குப் பரவாயில்லை’: மாஸ்பெர்க் 500-க்கு எதிரான ஒரு பாராட்டு

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ஷாட்கன் வாங்குபவர்கள் செய்யும் ஒரு சின்னச் சோதனை உண்டு. இரண்டு துப்பாக்கிகளையும் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார்கள். ரெமிங்டன் 870 பெரும்பாலும் கம்மென்று இருக்கும். மாஸ்பெர்க் 500-இன் முன்கைப்பிடி கடகடவென்று ஆடும். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. "இது துப்பாக்கி, அது தகர டப்பா." கொஞ்சம் நல்ல மனசுக்காரராக இருந்தால், "விலைக்குப் பரவாயில்லை" என்பார்.

எனக்கு அந்தத் தகர டப்பாவைவிட இந்தப் ‘பரவாயில்லை’தான் உறுத்துகிறது. திட்டினால் பதில் சொல்லலாம். பாராட்டு மாதிரி ஒரு தள்ளுபடியைக் கையில் திணித்தால் என்ன சொல்வது?

நான் வேட்டைக்காரன் இல்லை. இயந்திரங்கள் ஏன் இப்படிச் செய்யப்பட்டன என்று உதிரிபாகப் படங்களை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிற ஆள். அந்தக் கோணத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நம்மூரில் ‘12 போர்’ என்று சொல்வோமே, அந்த வகைத் தோட்டாவைச் சுடுவது ஷாட்கன். அதில் பம்ப் வகையில், முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். இந்த வகையில் அமெரிக்காவை ஆண்ட பெயர்கள் இரண்டு. 1950-இல் வந்த ரெமிங்டன் 870. 1961-இல் வந்த மாஸ்பெர்க் 500. இரண்டுமே ஒரு கோடிக்கு மேல் செய்யப்பட்டவை. 870 அந்த எண்ணை 2009-இல் தொட்டது, 500 அதற்கு நாலு வருஷம் கழித்து. எண்ணிக்கையில் தோள்மேல் தோள். மரியாதையில்தான் ஒன்று திண்ணையில், இன்னொன்று வாசலில்.

மாஸ்பெர்க்கின் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு அதன் உடல் பற்றியது. போல்ட், விசை எல்லாம் உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதியை ரிசீவர் என்பார்கள். 870-இல் அது ஒரே எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. 500-இல் அலுமினியம். "அலுமினியத்துல துப்பாக்கியா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். வெடிக்கும்போது பிறக்கும் அழுத்தத்தை அலுமினியம் தாங்குமா?

தாங்க வேண்டியதே இல்லை. 500-இன் போல்ட் பூட்டிக்கொள்வது ரிசீவரில் அல்ல. குழலின் பின்பக்கம் நீண்டிருக்கும் எஃகுப் பகுதியில். எஃகோடு எஃகு பிணைந்துகொள்கிறது. வெடிப்பின் விசை அந்தப் பிணைப்புக்குள்ளேயே அடங்கிவிடும். ரிசீவர் ஒரு கூடு, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், 870-உம் அப்படித்தான் பூட்டுகிறது; அதன் போல்ட்டும் குழலின் நீட்சியில்தான் மாட்டிக்கொள்கிறது. ஆக, வெடிப்பைப் பொறுத்தவரை எல்லோரும் தட்டிப் பார்த்து மெச்சுகிற அந்த எஃகு உடலுக்கும் பெரிய வேலை கிடையாது. எடை கூடுவதால் பின்னுதைப்பு கொஞ்சம் குறையும், தேய்மானமும் மெதுவாக இருக்கும். அது நிஜமான லாபம், மறுக்கவில்லை. ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் வாத்து வேட்டைக்குப் போகிறவனுக்கு, துருப்பிடிக்காத இலேசான உடல் அதைவிடப் பெரிய லாபமாக இருக்கலாம்.

அடுத்து, கையாளும் விதம். 870-இன் பாதுகாப்புப் பூட்டு விசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு குறுக்குப் பொத்தான், வலக்கைக்காரருக்காக வைத்தது. 500-இல் அது ரிசீவரின் மேல்முதுகில், கட்டைவிரல் தானாகவே போய் நிற்கும் இடத்தில். இடக்கையோ வலக்கையோ, அதற்குக் கவலையில்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்காமலே பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். (பிஸ்டல் பிடி வைத்த கட்டையைப் பொருத்தினால் இந்த வசதி போய்விடும், கட்டைவிரல் எட்டாது. இணைய வீரர்கள் முதலில் அதைத்தான் மாட்டுகிறார்கள், பிறகு பூட்டைத் திட்டுகிறார்கள்.) தோட்டாவை மேலே தூக்கும் தட்டு 500-இல் மேலேயே நிற்கும். அடியிலிருந்து தோட்டா திணிக்கும்போது 870-இல் போல அந்தத் தட்டை விரலால் அழுத்திக்கொண்டே தள்ள வேண்டாம், விரல் சிக்காது. சுட்ட கூட்டைக் கொக்கி போட்டு இழுக்கும் பகுதி 870-இல் ஒன்று, 500-இல் இரண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எஜெக்டர். இழுத்த கூட்டை வெளியே தட்டிவிடும் சிறு உலோகத் துண்டு அது. 870-இல் அதை ரிசீவரின் உட்சுவரில் ரிவெட் அடித்து வைத்திருக்கிறார்கள். உடைந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். 500-இல் அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. திருப்புளி இருந்தால் சமையலறை மேசையிலேயே மாற்றிவிடலாம். இந்த ஒரு திருகு, தன்னை வாங்கப்போகிறவர் யார் என்று யோசித்து வைத்தது. பக்கத்தில் பழுதுபார்ப்பவர் இல்லாத ஆள். இருந்தாலும் அவருக்குக் கொடுக்கக் காசு ஒதுக்க விரும்பாத ஆள்.

இதையெல்லாம் ‘விலைக்குப் பரவாயில்லை’ என்ற வகையில் எப்படிச் சேர்ப்பது? விலையைக் குறைக்க எதையோ வெட்டியதால் வந்த குணங்களா இவை? பூட்டு மேலே இருப்பதும், தட்டு மேலே நிற்பதும், கொக்கி இரண்டாக இருப்பதும், விலையை மறந்துவிட்டுப் பார்த்தாலும் நல்ல யோசனைகள்தான்.

சரி, கடகட சத்தம்? அது உண்மை. பாகங்களுக்கு நடுவே விட்ட இடைவெளி அதிகம். மண், கரி, காய்ந்த எண்ணெய் சேர்ந்தாலும் ஓட இடம் வேண்டும் என்று ஆதரவாளர்கள் வாதிடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தாராளமான இடைவெளி செய்வதற்கு மலிவானதும்கூட. நிறுவனம் இரண்டுக்காகவும்தான் அப்படி விட்டிருக்கும்.

ஆதரவாளர்களின் இன்னொரு பிரம்மாஸ்திரம் ராணுவத் தேர்வு. அமெரிக்க ராணுவத்தின் 3443 என்ற தரநிர்ணயத்தின்படி முழு வீச்சுள்ள 12 போர் தோட்டாக்கள் 3000 சுட வேண்டும். அதில் தேறிய ஒரே பம்ப் ஷாட்கன் தங்களுடையது என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளும். 3000 சுட்டுத் தேறியது பெரிய விஷயம். அந்த ‘ஒரே’யில் விளம்பர வாடை அடிக்கிறது, பரீட்சை எழுதாதவனைத் தோற்றவன் என்று சொல்ல முடியாதே. அதோடு, ராணுவம் வாங்கும் 590ஏ1 வகையில் குழல் தடிமன், விசைக்கூடும் பூட்டுப் பொத்தானும் உலோகம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 500-இல் இவை பிளாஸ்டிக். 590ஏ1 வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டி 500-ஐ விற்கக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக் பொத்தான் மீது வரும் புகார்களை நான் தள்ளமாட்டேன். பூட்டு என்பது காசு மிச்சம் பிடிக்கும் இடமே அல்ல.

இனி அந்தத் திண்ணை மரியாதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 870 பிறந்தபோது அதுவே மலிவுத் துப்பாக்கி! அன்றைய ராஜா வின்செஸ்டர் 12. 1912-இல் வந்தது, கடைசல் வேலைக்குப் பேர்போனது. அதோடு மோத ரெமிங்டன் முன்பு கொண்டுவந்த மாடல் 31 நல்ல துப்பாக்கி, ஆனால் விற்பனையில் எட்டிப்பிடிக்க முடியவில்லை. அதனால்தான் தகடு அடித்துச் செய்த பாகங்கள், வேறு மாடல்களோடு பங்கிட்டுக்கொள்ளும் பாகங்கள் என்று செலவைக் குறைத்து 870 செய்யப்பட்டது. வின்செஸ்டர் 12-ஐச் செய்து கட்டுப்படியாகாமல் 1960-களின் நடுவில் வழக்கமான உற்பத்தியை நிறுத்தினார்கள். அதன் பிறகு 870 மெல்ல மெல்லப் பரம்பரைப் பணக்காரன் ஆகிவிட்டது. நேற்றைய மலிவுதான் இன்றைய கௌரவம். மாஸ்பெர்க் வந்தபோது அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

1987-இல் ரெமிங்டனே எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் 870-இன் மலிவுப் பதிப்பை விட்டது. பளபளப்பு போனது, வால்நட் மரம் போனது. நாளாக நாளாக, சீக்கிரம் துருப்பிடிக்கிறது, சுட்ட கூடு உள்ளே சிக்கிக்கொள்கிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். கடையில் விற்கிற 870 மாறிவிட்டது; பேச்சில் வாழ்கிற 870 மட்டும் அப்பா காலத்து விங்மாஸ்டராகவே இருந்தது. 2007-இல் ரெமிங்டன் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018-இல் ஒரு திவால், 2020-இல் இன்னொன்று. சொத்துகள் துண்டுதுண்டாக விற்கப்பட்டன. 1816-இலிருந்து கணக்கு வைக்கும் நிறுவனம் அது. நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரிலிருந்த அதன் பழைய ஆலையும் 2024-இல் மூடப்பட்டது. 1919-இல், 53 வயதில், சுவீடனிலிருந்து குடியேறிய ஆஸ்கர் மாஸ்பெர்க் மகன்களோடு தொடங்கிய கம்பெனி இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

நல்ல துப்பாக்கி செய்ததால் ஒன்று பிழைத்தது, மோசமாகச் செய்ததால் இன்னொன்று செத்தது என்று சொல்ல வரவில்லை. கடனும் முதலீட்டாளர்களும் வேறு கதை. ஆனால் மரியாதை எவ்வளவு தாமதமாக நிஜத்தைப் பின்தொடர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டுப் போக முடியாது. மலிவான, தவறாமல் சுடும் துப்பாக்கி என்பது மலிவான, தவறாமல் எழுதும் பேனா மாதிரி அல்ல. யார் கையிலிருந்தாலும் அது தவறாமல் சுடும். அமெரிக்காவில் மலிவுத் துப்பாக்கி மீதான இளக்காரத்துக்குள் இந்த அச்சமும் கலந்திருக்கிறது. 1968 சட்டம் சிறிய, மலிவான கைத்துப்பாக்கிகளின் இறக்குமதிக்குத் தடை போட்டது. அவற்றுக்கு அங்கே ‘சனிக்கிழமை ராத்திரிச் சரக்கு’ என்கிற மாதிரி ஒரு வசைப்பெயர். அந்தப் பெயரில் பாதுகாப்பு குறித்த கவலை எவ்வளவு, ஏழையின் கையில் துப்பாக்கியா என்ற எரிச்சல் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். வேலைப்பாடு செய்த இத்தாலிய இரட்டைக் குழலைப் பார்த்து யாரும் இப்படி முகம் சுளித்ததில்லை, அதுவும் கொல்லும். துப்பாக்கி அதிகம் வேண்டாம் என்பவர் எல்லா விலைத் துப்பாக்கிக்கும் எதிராகப் பேசட்டும், நானும் கூட உட்கார்ந்து கேட்பேன். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு ஒழுக்கம் பேசுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மாஸ்பெர்க்கும் இதில் முழு அப்பாவி இல்லை. கொடுக்கிற காசுக்குக் கூடுதல் துப்பாக்கி என்று விலையை முன்னால் வைத்தே விளம்பரம் செய்துவந்த கம்பெனி அது. 500-உம் விலை அதிகம் என்பவர்களுக்காக மேவரிக் 88 என்று ஒரு தம்பியையும் விற்கிறது. அந்தத் தம்பியில் மேல்முதுகுப் பூட்டைக் காணோம். 870-இல் இருப்பது போன்ற குறுக்குப் பொத்தான்தான். தன் மிக நல்ல யோசனையைத் தானே எடுத்துவிட்டு விற்கிறது. நான் விமர்சகனாக இருந்து ஒரு புகார் எழுத வேண்டுமென்றால், முன்கைப்பிடியின் சத்தத்தை விட்டுவிட்டு இதைத்தான் எழுதுவேன்.