கச்சேரி ஞாயிறு, வகுப்பு செவ்வாய்

முல்லைத்தீவுப் பிள்ளை வயலின் வாசிக்கிறது. பக்கத்து நாற்காலியில் குருநாகல் சிங்களப் பிள்ளை. பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும். உங்களுக்கும்தான். கலங்கட்டும். துடைத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்கலாமா?

2009 மே மாதம் போர் முடிந்தது முல்லைத்தீவு மண்ணில்தான். அதன் பிறகு 'மியூசிக் புராஜெக்ட்' என்ற இலங்கை அமைப்பு அங்கேயும் குருநாகலிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய வாத்தியங்களைச் சொல்லிக்கொடுத்தது. முன்மாதிரி, வெனிசுலாவில் 1975-ல் அப்ரூ தொடங்கிய 'எல் சிஸ்டெமா'.

'நாதஸ்வரமும் தவிலும் இருக்க, இதெல்லாம் எதுக்கு?' என்று முறைப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்த இசைக்குறிப்பு தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இரண்டு பேருக்கும் முதல் பாடம். யாரும் யார் வீட்டுக்கும் விருந்தாளி இல்லை. கெட்டிக்காரத் தேர்வு!

என் சண்டை வேறு. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியை சமாதானம் என்று வரவில் எழுதிவிடுகிறோமே, அதோடு. செலவுப் பக்கத்தை யார் புரட்டுவது? செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வாத்தியார் வருகிறாரா? வயலினை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களா? கம்பி அறுந்தால் யார் வாங்கித் தருவது? பதினெட்டு வயதில் அந்த வயலின் எங்கே போகும்? எல் சிஸ்டெமாவையே ஜெஃப்ரி பேக்கர் 2014-ல் ஒரு புத்தகம் போட்டு உலுக்கினார். கைதட்டலுக்குப் பின்னால் அதிகாரமும் அதட்டலும் இருக்கிறது என்றார்.

வயலினுக்கு நம்மிடம் ஒரு வழி உண்டு. பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே அது நம்மோடு சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. நாற்காலியில் தாடைக்குக் கீழே வைத்து வாசித்த பிள்ளை, அதையே காலில் சாய்த்து ஊர்க் கோயிலிலும் வாசிக்கக் கற்றால், வாத்தியம் ஊரோடு தங்கும்.

முல்லைத்தீவு தூரமா? சரி, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறுங்கள். வழியில் பசுமலை, அரசு இசைக் கல்லூரி. அதே திசையில் இன்னும் கொஞ்சம் போனால் உச்சப்பட்டி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். போர் துரத்திவந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். கல்லூரிக்கும் முகாமுக்கும் நடுவே கடல் இல்லை. டவுன் பஸ் தூரம்தான். வாரம் இரண்டு நாள் ஒரு வாத்தியார் அந்த பஸ் ஏறினால் போதும். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம்.

அடுத்த முறை பிள்ளைகள் கச்சேரிக்குப் போனால் தாராளமாகக் கைதட்டுங்கள். வெளியே வரும்போது அமைப்பாளரிடம் மெல்லக் கேளுங்கள்: 'செவ்வாய்க்கிழமை வகுப்பு உண்டுதானே?'